ஸ்டாண்ட்அப் 45 நிமிடம் ஓடுகிறதா? அஜைல் கேள்விகளுக்குப் பதில்கள்

சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் 6 வருடம், அப்புறம் ஸ்க்ரம் மாஸ்டராக, அதாவது டீம் ஸ்க்ரம் முறையில் வேலை செய்ய வழிகாட்டுபவராக, 8 வருடம். அஜைல் (சாஃப்ட்வேரைச் சிறு துண்டுகளாகக் கட்டி, அடிக்கடி காட்டித் திருத்திக்கொள்ளும் வேலைமுறை; ஸ்க்ரம் அதில் ஒரு வகை) பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதும் வந்து குவிந்தவற்றில், திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை எடுத்திருக்கிறேன். நேராகவே சொல்கிறேன், சுருக்கென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, 5 வருடம் மேனுவல் டெஸ்டிங் செய்திருக்கிறேன். ஸ்க்ரம் மாஸ்டர் ஆக சிஎஸ்எம் சான்றிதழ் எடுக்கவா, பிஎஸ்எம் சான்றிதழ் எடுக்கவா?

பதில்: முதலில் ஸ்க்ரம் கைடை, அதாவது ஸ்க்ரமின் அதிகாரப்பூர்வ விதிப் புத்தகத்தை, படித்துவிடுங்கள், இலவசம்தான். 2020 பதிப்பு இருபது பக்கம்கூட வராது, ஆபீஸ் பஸ்ஸிலேயே முடித்துவிடலாம். பிஎஸ்எம் முதல் நிலைக்கு வகுப்பு கட்டாயமில்லை. 60 நிமிடத்தில் 80 கேள்விகள், 85 சதவீதம் எடுத்தால் பாஸ், புதுப்பிக்கவும் வேண்டாம். சிஎஸ்எம்முக்கு வகுப்பில் உட்கார்ந்தே ஆகவேண்டும், 2 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். சொந்தக் காசு என்றால் பிஎஸ்எம். கம்பெனி பணம் கட்டுகிறதா, தாராளமாக சிஎஸ்எம் போங்கள், நல்ல பயிற்சியாளர் கிடைத்தால் இரண்டு நாள் சண்டை போட்டுக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் நான் எடுக்கிற இன்டர்வியூக்களில் விளக்கம் கேட்பதே இல்லை, ஸ்பிரிண்ட் (வேலையைத் திட்டமிட்டு முடிக்கும் ஒரு சிறு காலச் சுற்று) நடுவில் க்ளையண்ட் புது வேலையோடு வந்து நின்றால் என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்பேன். வேலை எங்கே சிக்குகிறது என்பது டெஸ்டருக்குத் தெரிகிற அளவு வேறு யாருக்கும் தெரியாது, அதைச் சொல்லி உள்ளே போங்கள்.

கேள்வி: எங்கள் ஸ்டாண்ட்அப், அதாவது டீம் தினமும் கூடிப் பேசும் கூட்டம், 45 நிமிடம் ஓடுகிறது. மேனேஜர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ஸ்டேட்டஸ் கேட்பார்.

பதில்: 15 நிமிடம்தான் கணக்கு, அதுவும் டெவலப்பர்கள் தங்களுக்குள் அன்றைய வேலையைத் திட்டமிட. "நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன" என்ற மூன்று கேள்விகளையே 2020 கைடில் எடுத்துவிட்டார்கள். எங்கள் பழைய டீமிலும் இதே கூத்துதான்: ஒன்பது பேர், பேசுகிற ஒவ்வொருவரும் மேனேஜரைப் பார்த்தே பேசுவார்கள், அடுத்தவர் பேசும்போது போனை நோண்டுவார்கள். ஆளைக் கேட்பதை நிறுத்திவிட்டு, வேலைகளைக் கார்டுகளாக நிலைவாரியாக ஒட்டிய போர்டை வலப்பக்கத்திலிருந்து, அதாவது முடிவுக்குப் பக்கத்தில் இருக்கும் கார்டிலிருந்து, ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தேன். முதல் நாளே ஒரு கார்டு 'ரெடி ஃபார் டெஸ்டிங்'கில் 6 நாளாகக் கிடந்தது தெரிந்தது. டெஸ்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று டெவலப்பர் நினைத்திருக்கிறார், டெஸ்டரோ டெஸ்ட் டேட்டா வரும் என்று காத்திருக்கிறார். இரண்டு பேரும் அடுத்தடுத்த சீட்! மேனேஜர் வரட்டும், வேண்டாம் என்று சொல்ல முடியாது. அவர் கேட்க நினைப்பதைக் கடைசியில் கேட்கச் சொல்லுங்கள், சம்பந்தப்பட்டவர்கள் மட்டும் நின்றால் போதும்.

கேள்வி: ஒரு ஸ்டோரி பாயிண்ட் (ஸ்டோரி எனும் வேலைத் துண்டின் அளவைக் குறிக்கும் எண்) 8 மணி நேரம் என்று எக்ஸெல்லில் போட்டிருக்கிறார்கள். சரியா?

பதில்: அப்படியென்றால் மணி நேரம் என்றே எழுதிவிட்டுப் போகலாமே. இந்த வேலை அந்த வேலையைவிடப் பெரிதா சிறிதா என்று டீம் தனக்குள் ஒப்பிட்டுக்கொள்ளத்தான் பாயிண்ட். ஸ்க்ரம் கைடில் ஸ்டோரி பாயிண்ட் என்ற வார்த்தையே கிடையாது, தெரியுமா? இரண்டு டீம்களின் வெலாசிட்டியை (ஒரு ஸ்பிரிண்டில் முடிக்கும் பாயிண்ட்களை) ஒப்பிட்டுக் கேள்வி கேட்டீர்கள் என்றால் அடுத்த மாதமே 3 பாயிண்ட் எல்லாம் 5 ஆகியிருக்கும். வேலை அதே வேலைதான்.

கேள்வி: இரண்டு வார ஸ்பிரிண்டில் கடைசி இரண்டு நாளில்தான் எல்லாம் டெஸ்டிங்குக்கு வருகிறது. ராத்திரி உட்கார்ந்தாலும் முடிவதில்லை.

பதில்: டெஸ்டராக நான் அனுபவித்த கொடுமை இது. காரணம் பெரும்பாலும் ஸ்டோரியின் அளவு. 'ரீஃபண்ட்' என்று ஒரே ஸ்டோரி எடுத்தால் ஒருவர் டேட்டாபேஸ், ஒருவர் அதை ஸ்க்ரீனோடு இணைக்கும் ஏபிஐ, ஒருவர் ஸ்க்ரீன் என்று பிரித்துக்கொள்வார்கள், மூன்றும் சேர்வது ஒன்பதாம் நாள். அதையே குறுக்கே வெட்டுங்கள்: யுபிஐயில் கட்டிய பணத்தை முழுதாகத் திருப்பித் தருவது மட்டும் முதலில், அதற்கு ஒரு பட்டன் போதும். கார்டு, பாதித் தொகை, ஒரு ஆர்டரில் ஒரு பொருளை மட்டும் திருப்பினால் என்ன என்பதெல்லாம் தனித்தனி ஸ்டோரி. முதல் துண்டு மூன்றாம் நாளே டெஸ்டர் கைக்கு வரும். கூடவே, டெஸ்டிங்கில் மூன்று கார்டு சேர்ந்துவிட்டால் டெவலப்பர் புதிது எடுக்கக்கூடாது, டெஸ்டிங்குக்குக் கைகொடுக்கவேண்டும் என்று டீமாக முடிவெடுங்கள். முதல் இரண்டு ஸ்பிரிண்ட் முணுமுணுப்பார்கள்.

கேள்வி: வேலைகளைப் பதிவுசெய்யும் ஜிரா மென்பொருளைக் கற்றுக்கொண்டால் அஜைல் தெரிந்த மாதிரியா?

பதில்: இல்லை.

கேள்வி: ஃபிக்ஸட் பிரைஸ் ப்ராஜெக்ட், தேதியும் வேலையும் கையெழுத்தாகிவிட்டது. இதில் அஜைல் எங்கே?

பதில்: முழுதாக முடியாது, முடியும் என்பவர் பெரும்பாலும் பயிற்சி விற்பவர். 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கை, ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்வதை மேலாக வைக்கிறது. ஒப்பந்தத்துக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. வரிசை மட்டுமாவது உங்கள் கையில் இருக்கும். முக்கியமானதையும் பயமுறுத்துவதையும் முதலில் கட்டி இரண்டு வாரத்துக்கொருமுறை ஓட்டிக் காட்டுங்கள். "நான் கேட்டது இது இல்லை" என்று க்ளையண்ட் ஏழாம் மாதம் சொல்வதற்குப் பதில் முதல் மாதமே சொல்வார்.

கேள்வி: நாங்கள் சப்போர்ட் டீம். டிக்கெட், அதாவது பயனாளரின் புகார், எப்போது வரும் என்றே தெரியாது, ஸ்பிரிண்ட் திட்டம் மறுநாளே குப்பை.

பதில்: ஸ்பிரிண்டை விட்டுவிட்டு கான்பன் (ஒரே நேரத்தில் திறந்திருக்கும் வேலைக்கு வரம்பு வைத்து ஓட்டும் முறை) பக்கம் வாருங்கள். கணக்கு எளிது: கையில் 20 டிக்கெட், வாரம் 5 முடிகிறது என்றால் ஒரு டிக்கெட் சராசரியாக 4 வாரம் கிடக்கும். முடிக்கிற வேகம் அதேதான், ஒரே நேரத்தில் 10 மட்டும் திறந்துவைத்தால் எடுத்தது 2 வாரத்தில் வெளியே போகும். மிச்சம் வரிசையில் நிற்கும், அது கண்ணுக்குத் தெரிவதும் நல்லதுதான்.

கேள்வி: ரெட்ரோவில் (ஸ்பிரிண்ட் முடிவில் எது நன்றாக நடந்தது, எதை மாற்றலாம் என்று பேசும் கூட்டத்தில்) எல்லாரும் "ஆல் குட்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

பதில்: போன ரெட்ரோவில் சொன்னது என்ன ஆயிற்று? எங்கள் டீமில் சாயங்காலம் 4 மணிக்கு மேல் டெஸ்ட் சர்வர் படுத்துவிடுகிறது என்று மூன்று ரெட்ரோ தொடர்ந்து சொன்னார்கள், நானும் அழகாகக் குறித்துக்கொண்டேன், அவ்வளவுதான். நாலாவது ரெட்ரோவில் யாரும் வாயைத் திறக்கவில்லை. வெட்கப்பட்டு அதை ஒரு கார்டாகவே ஸ்பிரிண்டில் போட்டோம், சரிசெய்ய அரை நாள்தான் ஆனது. அடுத்த தடவை சுவரில் 11 சீட்டு ஒட்டியிருந்தது, அதில் இரண்டு என்னைப் பற்றி.