ஞாயிற்றுக்கிழமை யாருடைய விடுமுறை?

கேள்வி: ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் கடலூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். என் மனைவி தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7 வயது. எங்கள் நால்வருக்கும் சேர்ந்தாற்போல் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். பிள்ளைகள் இயற்கையை அறிந்து வளர வேண்டும் என்று நான் அவர்களை வெள்ளிக் கடற்கரைக்கோ பிச்சாவரத்துக்கோ அழைத்துப் போகிறேன். மனைவியோ ரேஷன், மாவு மில், மீன், துணி என்று வீட்டு வேலையிலேயே நிற்கிறார். கூப்பிட்டால், ‘நீங்கள் போய் வாருங்கள்’ என்கிறார். இயற்கையில் அவருக்கு நாட்டமில்லை. அவரை எப்படி மாற்றுவது?

— ஒரு வாசகர், கடலூர்

பதில்: நண்பரே, பிள்ளைகளைக் கைப்பேசியோடு விட்டுவிட்டுத் தூங்கப் போகாமல், வெயிலில் அவர்களோடு அலைகிற தகப்பனாக நீங்கள் இருப்பதில் எனக்கு மெய்யான மகிழ்ச்சி. ஆனால், மனைவிக்கு இயற்கையில் நாட்டமில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு உங்கள் கடிதத்தில் எந்தச் சான்றும் இல்லை. அதில் இருப்பது ஒரு வேலைப் பட்டியல். ரேஷன், மாவு மில், மீன், துணி ஆகிய நான்கும் நான்கு பேருக்கான வேலைகள். அவற்றை ஒருவர் செய்துகொண்டிருக்கிறார், மூவர் கடற்கரையில் இருக்கிறார்கள். ஐந்து நாளோ ஆறு நாளோ பள்ளியில் நின்றுகொண்டே பாடம் நடத்திவிட்டு வருகிற ஒருவர், ஏழாவது நாளும் வரிசையில் நிற்பதால்தான் உங்களுக்கு அந்தக் காலைப்பொழுது கிடைக்கிறது. ‘நீங்கள் போய் வாருங்கள்’ என்பதை வர விருப்பமில்லை என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது, நான் வந்துவிட்டால் இதையெல்லாம் யார் செய்வது என்ற கேள்வியாகத்தான் காதில் விழுகிறது.

ஆகவே அவரை மாற்றுவது பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமையை மாற்றுவது பற்றிச் சொல்கிறேன்.

முதலில் ரேஷன் கடை. நம் மாநிலத்தில் மாதத்தின் முதல் இரண்டு ஞாயிறுகளில் கடை திறந்திருக்கும், அதற்கு ஈடாக முதல் இரண்டு வெள்ளிகளில் விடுமுறை. ஆக, மாதத்தின் முன்பாதி ஞாயிறுகளை ஊருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, தொலைவான பயணத்தைப் பின்பாதிக்குத் தள்ளிவிடலாம். ரேஷன் வரிசையில் நீங்களும் மகனும் நில்லுங்கள். மாவு மில்லுக்கு மகள் உங்கள் மனைவியோடு போகட்டும். அரைத்து விழுகிற மாவு கையைச் சுடும் என்பதும், வீட்டுக்கு வந்ததும் அதைத் தாளில் பரப்பிச் சூடு ஆறவிட்டுத்தான் டப்பாவில் கொட்ட வேண்டும், இல்லையென்றால் வேர்த்துக் கட்டிபிடித்துவிடும் என்பதும் 11 வயதில் தெரிந்துகொள்ள வேண்டியவைதான். துணியைப் பற்றி நான் விரித்து எழுதத் தேவையில்லை. சனிக்கிழமை இரவு ஊறவைத்து, காலையில் நால்வரும் கைபோட்டால் எட்டு மணிக்குள் கொடியில் இருக்கும்.

மீனைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இயற்கையைக் காட்டுவதற்குப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்கிறீர்கள், மீன் வாங்குவதை வீட்டு வேலை என்று மனைவியிடம் விட்டுவிடுகிறீர்கள். கெடிலமும் பரவனாறும் கடலைச் சேருமிடத்தில் இருக்கிறது கடலூர் துறைமுகம். அங்கே விடியற்காலையில் கூடை கூடையாக இறங்குவதை விடவா கடலைப் பற்றி வெறும் மணல் சொல்லித் தந்துவிடும்? செவுளைத் தூக்கிப் பார்க்க மகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்: செக்கச் செவேலென்று இருந்தால் அன்று பிடித்தது, மங்கிப் பழுப்பாகியிருந்தால் ஐஸில் நாள் கழித்தது. வயிற்றை விரலால் அமுக்கினால் பள்ளம் உடனே எழும்ப வேண்டும். சங்கராவின் செம்மையும் கவளையின் வெள்ளியும் நெத்திலியின் கண்ணாடிபோன்ற உடலும் எந்தப் பாடநூல் படத்திலும் அப்படியே வராது. மீன்கார அம்மா அரிவாள்மனையில் வயிற்றைக் கிழிக்கும்போது உள்ளே மஞ்சளாகச் சினை இருந்தால், மகனை அருகில் நிறுத்திக் காட்டுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கரையில் விசைப்படகுகள் ஏன் கடலுக்குப் போவதில்லை என்பது, அந்தச் சினையைப் பார்த்த பையனுக்கு ஒரே வாக்கியத்தில் விளங்கிவிடும். அந்த இரண்டு மாதங்களில் கரையோரம் சென்று திரும்பும் சிறு படகுகளின் மீன் மட்டுமே வரும், விலை ஏறும், வீட்டில் கருவாட்டுக் குழம்பு அடிக்கடி வைக்கப்படும். குழம்புச் சட்டியில் தெரிகிற இந்தப் பருவ மாற்றத்தை உங்கள் மனைவி ஒவ்வோர் ஆண்டும் கவனித்து வருகிறார். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் தகுதி அந்த வீட்டில் முதலில் அவருக்குத்தான் இருக்கிறது.

காய்கறிக்கும் இதே கதைதான். உழவர் சந்தையில் அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். பையையும் பணத்தையும் மகளிடம் கொடுத்துக் கணக்குப் போடவிடுங்கள். மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் இடையே போகவர நேர்ந்தால், கெடிலத்துப் பாலத்தில் ஐந்து நிமிடம் வண்டியை ஓரங்கட்டுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது, கொக்கு எங்கே நிற்கிறது, நீர்க்காகம் எந்தக் கம்பத்தில் சிறகை விரித்துக் காயவைக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனால் போதும். ஐப்பசியில் அதே பாலத்தில் நின்று பார்க்கும்போது, நீரின் நிறமும் அகலமும் வேறாக இருப்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள். திருப்பாதிரிப்புலியூர் என்ற பெயருக்குள் பாதிரி மரம் இருக்கிறது, பாடலீசுவரர் கோயிலின் தலமரமும் அதுவே என்பதைக் கோயிலுக்குப் போகிற அன்று சொல்லுங்கள். பெயரில் இருக்கிற மரத்தை நேரில் பார்க்காமலே ஓர் ஊரில் வளர்ந்துவிடுவது எவ்வளவு எளிது என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

மூன்றாம் ஞாயிறோ நான்காம் ஞாயிறோ பிச்சாவரம் போங்கள், நால்வரும். சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை. அந்தத் தில்லை மரம் சதுப்புக் காட்டில் வளர்வது. பிச்சாவரத்தில் அதைக் காட்டுங்கள், ஆனால் கிளையை ஒடிக்க விடாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையாகப் பாதிக்கும். சுரபுன்னையின் வேர்கள் கால்களைப்போலச் சேற்றில் ஊன்றி நிற்பதையும், அதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் நீளத்துக்குத் தொங்கி, பிறகு சேற்றில் விழுந்து வேர் பிடிப்பதையும் பார்த்தால், உங்கள் மகன் அன்று வீடு திரும்பும்வரை அதைப் பற்றியே பேசுவான். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததையும், நீங்கள் காற்று வாங்கப் போகும் வெள்ளிக் கடற்கரை இருக்கிற தேவனாம்பட்டினம் அன்று பட்ட பாட்டையும் மகளிடம் சொல்லலாம். 11 வயதுக்கு அது புரியும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் வீட்டில் நடந்த ஒன்று காரணம். என் அம்மா பிறந்து வளர்ந்தது பிச்சாவரத்திலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில். அப்பா எங்களை அங்கே மூன்று நான்கு முறை அழைத்துப் போயிருக்கிறார். அம்மா ஒருமுறையும் வந்ததில்லை. அவருக்கு அதிலெல்லாம் விருப்பமில்லை என்றே வீட்டில் அனைவரும் பேசிக்கொண்டோம், நானும் அப்படியே நம்பினேன். அவருக்கு 61 வயதானபோது ஒரு தை மாதத்தில் நான்தான் வற்புறுத்தி அழைத்துப் போனேன். படகில் ஏறி உட்கார்ந்ததும் விளிம்புக்கு வெளியே கையை நீட்டி நீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். “உப்பு கம்மியாத்தான் இருக்கு, இன்னும் மழைத் தண்ணி வடியலை” என்றார். படகோட்டி துடுப்பை நிறுத்திவிட்டு, “ஆமாம்மா, மாசி பிறந்தாத்தான் கரிக்கும்” என்றார். அதன்பின் படகு திரும்பும்வரை அவர்கள் இருவரும்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்: எந்த மீன் எப்போது உள்ளே ஏறி வரும், இறால் எந்த நீரில் நன்றாக வளரும் என்று. நாற்பது ஆண்டுகள் சந்தையில் பேரம் பேசி மீன் வாங்கியவருக்கு அந்த நீரைப் பற்றித் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. கரையேறும்போது, “முன்னாடியே வந்திருக்கலாம்” என்று மட்டும் சொன்னார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

உங்கள் மனைவிக்கு அத்தனை ஆண்டுகள் ஆக வேண்டியதில்லை. இந்தச் சனிக்கிழமை மாலை, மறுநாள் செய்ய வேண்டிய வேலைகளை அவர் சொல்லச் சொல்ல நீங்கள் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் பெயரையோ பிள்ளைகளின் பெயரையோ போடுங்கள். எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு, நாளைக்கு எங்கே போகலாம் என்று அவரிடம் கேளுங்கள். கடற்கரை என்று சொன்னாலும் சரி, கோயில் என்றாலும் சரி, வீட்டில் மதியம் இரண்டு மணி நேரம் தூங்க வேண்டும் என்றாலும் சரி, அதன்படியே நடக்கட்டும். தூங்க வேண்டும் என்று சொன்னால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியே போங்கள். கூடவே மீன் கூடையையும் எடுத்துச் செல்லுங்கள்.