நைஸும் நயமும்

வணக்கம் ஐயா,

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் தமிழ்த் தேர்வில் தன் பாட்டியைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தாள். 'பாட்டி உளுந்தை நைஸாக ஆட்டுவார்' என்று அதில் ஒரு வரி. ஆசிரியர் 'நைஸாக' என்பதைச் சிவப்பு மையால் சுழித்து, 'பிறமொழிச் சொல்' என்று ஓரத்தில் எழுதி ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். அதே வாரம் ஆங்கிலத்தில் சுற்றுலா பற்றிய கட்டுரை. அதில் நைஸ் என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறாள். அந்த ஆசிரியை நான்கையும் அடித்து, 'வேறு நல்ல சொல் போடு' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். 'தமிழ்லயும் எழுதக் கூடாது, இங்கிலீஷ்லயும் எழுதக் கூடாதுன்னா, இந்த வார்த்தையை எங்கேதாம்மா எழுதறது?' என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நாம் அந்தச் சொல்லைத் தப்பாகத்தான் பயன்படுத்துகிறோமா?

ஒரு வாசகி, பொள்ளாச்சி

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகள் கேட்டிருப்பது நல்ல கேள்வி. பாட்டி மாவாட்டுவதைக் கவனித்து அதன் பதத்தையும் எழுதத் தோன்றியிருக்கிறதே, அதற்கே அவளைப் பாராட்ட வேண்டும்.

ஆங்கிலக் கட்டுரையை முதலில் முடித்துவிடலாம். அந்த ஆசிரியை செய்தது சரி. இன்றைய ஆங்கிலத்தில் நைஸ் என்பது எதற்கும் பொருந்துகிற சொல். சாப்பாடு நைஸ், ஆள் நைஸ், மலை நைஸ், வண்டி நைஸ். ஊட்டிக்குப் போன பெண் அங்கே குளிர் அடித்ததா, பனி மூடியிருந்ததா, யூகலிப்டஸ் வாசம் வந்ததா என்று சொல்லாமல் நைஸ் என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றுமே போய்ச் சேராது. இந்தக் குறையை இருநூறு வருடங்களுக்கு முன்பே ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் பிடித்துவிட்டார். அவர் இறந்த 1817-ஆம் ஆண்டின் கடைசியில் வெளிவந்த 'நார்தாங்கர் அபே' நாவலில், கதாநாயகி ஒரு புத்தகத்தை நைஸ் என்று சொல்லப்போக, கதாநாயகன் அவளைக் கிண்டல் செய்கிறான். இன்றைக்கு நாள் நைஸ், நாம் நடப்பது நைஸ், நீங்கள் இருவரும் நைஸ், எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதுமே என்கிறான்.

ஆனால் அந்தச் சொல் பிறக்கும்போதே இப்படி இல்லை. லத்தீனில் 'அறியாதவன்' என்று பொருள்படும் நெஸ்கியுஸ் என்ற சொல்தான் அதன் மூலம். நெ என்றால் இல்லை, ஸ்கீரே என்றால் அறிதல். சயன்ஸ் என்ற சொல் வந்ததும் அதே ஸ்கீரேயிலிருந்துதான். அறிவியலும் அறியாமையும் ஒரே வேரில் கிளைத்தவை. பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தபோது நைஸ் என்றால் முட்டாள். அப்புறம் கூச்சப்படுகிறவர், எதிலும் குறை பார்க்கிறவர், நுணுக்கமானது, துல்லியமானது என்று நகர்ந்துகொண்டே வந்து, 18-ஆம் நூற்றாண்டில் 'இனிமையானது' என்ற இடத்தில் வந்து உட்கார்ந்தது. நடுவில் 'அற்பமானது' என்ற பொருளும் இருந்தது. ரோமியோ ஜூலியட் நாடகத்தின் கடைசி அங்கத்தில், தான் எழுதிய கடிதம் ரோமியோவுக்குப் போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்டதும் பாதிரியார் லாரன்ஸ் பதறிப்போய், அது நைஸான கடிதம் அல்ல என்கிறார். அற்ப விஷயமல்ல, அதில் பெரிய காரியம் அடங்கியிருக்கிறது என்று அர்த்தம். இன்றைய பொருளை வைத்துப் படித்தால் அந்த வரி விளங்காது.

ஆகவே 'தப்பாகப் பயன்படுத்துகிறோமா' என்று நீங்கள் கேட்டால், ஆங்கிலேயரே அந்தச் சொல்லை ஒரே பொருளில் வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் முதல் பதில்.

இனி பாட்டியின் உளுந்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு மாவு மில் இருக்கிறது. போன வாரம் புட்டுக்கு அரிசி கொண்டுபோயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா முறுக்குக்கு அரைக்க நின்றிருந்தார். மில்காரர் தூக்கை வாங்கும்போதே 'நைஸாத்தானே?' என்று கேட்டார். அரிசியைக் கொட்டி, மாவு விழத் தொடங்கியதும் துணிக்குழாயின் வாய்க்குக் கீழே கையை நீட்டி ஒரு சிட்டிகை பிடித்தார். சூடான மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். கல்லை இறுக்கும் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பினார். மிஷினின் சத்தம் மாறியது. மறுபடி ஒரு சிட்டிகை, மறுபடி தேய்ப்பு. இப்போது விரல்கள் வழுக்கிக்கொண்டு போயின. 'ம், நைஸா வந்துடுச்சு' என்றார். என் முறை வந்ததும் கேட்காமலே சக்கரத்தைத் தளர்த்திவிட்டார். புட்டுக்கு நைஸாக அரைத்தால் கட்டிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும்.

அவர் சொன்ன நைஸுக்கும் ஆங்கிலத்தில் இன்று புழங்கும் நைஸுக்கும் என்ன உறவு? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இங்கே அதன் எதிர்ச்சொல் 'கொரகொரப்பு'. ஆங்கிலத்தில் அந்த எதிர்ச்சொல் சாத்தியமே இல்லை. மாவின் பதம், புடவையின் மென்மை, தச்சர் இழைத்த பலகை, பூச்சு வேலைக்குச் சலித்த மணல் எல்லாவற்றுக்கும் தமிழர்கள் நைஸ் என்கிறார்கள். விரலுக்குத் தட்டுப்படாதது நைஸ்.

அங்கிருந்து ஒரு தாவல். 'கூட்டத்தில் இருந்து நைஸாக நழுவிவிட்டான்.' 'அப்பா நல்ல மனநிலையில் இருக்கும்போது நைஸாகக் கேட்டுப் பார்.' 'நைஸாகப் பேசியே கையெழுத்து வாங்கிவிட்டார்.' 'என்ன, நைஸ் பண்றியா?' விரலிடுக்கில் மாவு எப்படி உரசாமல் நழுவுகிறதோ, அப்படியே ஆளும் சத்தமில்லாமல் நழுவுகிறார், பேச்சும் எதிராளிக்கு உறுத்தாமல் உள்ளே போகிறது. இந்தத் தாவலை நமக்கு ஆங்கிலம் கற்றுத்தரவில்லை. அடுப்படியிலும் மாவு மில்லிலும் நின்று தமிழர்கள் தாங்களே செய்துகொண்டது. ஒரு மொழி உயிரோடு வேலை செய்யும்போதுதான் இப்படி நடக்கும், அதைப் பார்க்க எனக்கு உண்மையாகவே பெருமையாக இருக்கிறது.

ஆனால் இங்கே ஒரு வருத்தமும் உண்டு, உங்கள் மகளின் தமிழாசிரியர் பக்கம் எனக்குச் சாய்வு வருவது இதனால்தான். நைஸ் வந்து உட்கார்ந்த நாற்காலி காலியாக இருந்ததல்ல. அதில் ஏற்கெனவே நயம் இருந்தது என்பது என் எண்ணம். கொஞ்சம் வைத்துப் பாருங்கள். பழைய மளிகைக் கடைகளில் 'நயம் துவரம்பருப்பு', 'நயம் புளி' என்று எழுதி வைத்திருப்பார்கள். அது சரக்கின் தரம். 'நயமாகப் பேசிக் காரியத்தை முடித்தான்' என்போம். அது பேச்சின் பதம். 'நயத்தாலும் பயத்தாலும்' பணியவைப்பது என்று ஒரு வழக்கு உண்டு. 'நயவஞ்சகம்' என்ற சொல்லில் இனிக்கப் பேசிக் கெடுக்கிற குணமும் சேர்ந்துவிடுகிறது. பொருளின் மேன்மை, பேச்சின் இனிமை, இனிமைக்குள் ஒளிந்திருக்கும் தந்திரம் என்று இன்றைய நைஸ் சுமக்கிற சுமை முக்கால்வாசியையும் நயம் அப்போதே சுமந்துகொண்டிருந்தது. ஓசையும் பக்கத்தில் இருக்கிறது. 'நயமா' என்று சொன்ன வாய்க்கு 'நைஸா' என்று சொல்வது பெரிய தூரமில்லை.

நயமும் சாதாரணச் சொல்லா என்ன? நண்பர் ஊற்றிக் கொடுப்பது நஞ்சென்று கண்ணால் கண்டும் அதைக் குடித்து அமைவார்கள், 'நயத்தக்க நாகரிகம்' வேண்டுகிறவர்கள் என்று 580-ஆவது குறள் சொல்கிறது. விரும்பத்தக்க, பிறர் மனம் நோகாத பண்பு. அந்தச் சொல் இன்று மேடையிலும் 'இலக்கிய நயம் பாராட்டுக' என்ற தேர்வுக் கேள்வியிலும் மட்டும் இருக்கிறது. வீட்டுப் பேச்சில் மிக அருகிவிட்டது.

மாவின் பதத்துக்கும் சொந்தச் சொல் இருக்கிறது: மைய. 'மஞ்சளை அம்மியில் மைய அரைத்து' என்றுதான் என் பெரியம்மா சொல்வார். கண்மை போல வழுவழுவென்று. இந்தப் பக்கம் மைய என்றால் அந்தப் பக்கம் எத்தனை படிகள் பாருங்கள்: பொங்கலுக்கு மிளகு ஒன்றிரண்டாக, வடைக்குக் கடலைப்பருப்பு கொரகொரப்பாக, இட்லிக்கு அரிசி ரவைப் பதமாக, உளுந்து மட்டும் மைய. ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றிய காலத்தில் கை அறிந்த வேறுபாடுகள் இவை. மிக்ஸியில் நாம் பெரும்பாலும் 'நைஸ்', 'கொரகொரப்பு' என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம்.

சரி, உங்கள் மகளிடம் என்ன சொல்வது? ஆங்கிலக் கட்டுரையில் ஆசிரியை அடித்ததை அப்படியே ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். நான்கு நைஸுக்குப் பதில் அங்கே கண்ணில் பட்ட நான்கு விஷயங்களை எழுதட்டும். தமிழில், 'நைஸாக' என்பது பேச்சுத் தமிழின் சொந்தப் பிள்ளையாகிவிட்டது, அதில் வெட்கப்பட ஏதுமில்லை. பாட்டி பேசுவதாக வரும் வரியில் தாராளமாக எழுதலாம். அவளாக எழுதும் வரியில் 'பாட்டி உளுந்தை மைய ஆட்டுவார்' என்று எழுதிப் பார்க்கட்டும். அந்த ஒரு மதிப்பெண்ணை ஆசிரியர் குறைக்காமல் ஓரத்தில் 'மைய' என்று எழுதிக் காட்டியிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். பிள்ளைக்கு ஒரு சொல் கிடைத்திருக்கும்.

இன்னொரு வேலையும் அவளுக்கு. அடுத்த முறை பாட்டி மாவாட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, கிரைண்டர் வருவதற்கு முன்னால் மாவின் பதத்தை எப்படியெல்லாம் சொல்வார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். பொள்ளாச்சிப் பக்கத்தில் நான் கேள்விப்படாத சொல் நிச்சயம் இருக்கும். பட்டியலை எனக்கும் அனுப்புங்கள்.