பிஸ்னஸ் மாணவனுக்கு வரலாறு எதற்கு?

வணக்கம் அக்கா,

என்எஸ் (கட்டாய தேசிய சேவை) முடித்துவிட்டு ஆகஸ்டில் என்யுஎஸ்ஸில் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) பிஸ்னஸ் படிக்கச் சேர்கிறேன். ஜேசியில் (ஜூனியர் காலேஜ்) வரலாறு எடுத்தவன், அதை விட மனசில்லை. இரண்டாவது மேஜராக எடுக்கட்டுமா என்று வீட்டில் கேட்டேன். "யேல்-என்யுஎஸ்ஸையே மூடிட்டாங்க, உனக்கு இன்னும் எதுக்கு ஆர்ட்ஸ்?" என்கிறார் அப்பா. நண்பர்களோ, "சும்மா ரெண்டு மாட்யூல் எடு, எஸ்/யு போட்டுடு, போதும்" என்கிறார்கள் (எஸ்/யு என்றால் கிரேடுக்குப் பதில் தேர்ச்சி உண்டா இல்லையா என்று மட்டும் பதிவாகும்). நீங்கள் என்ன சொல்வீர்கள்?

— பெயர் வேண்டாம், ஈசூன்

அன்புள்ள தம்பி,

முதலில் அப்பாவுக்கு. யேல்-என்யுஎஸ் என்ற லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ் 2013இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது, 2021இல் மூடும் அறிவிப்பு வந்தது, 2025இல் கடைசி அணி பட்டம் வாங்கியது. எல்லாம் சரிதான். ஆனால் அதையும் என்யுஎஸ்ஸின் யுஎஸ்பி (யுனிவர்சிட்டி ஸ்காலர்ஸ் புரோகிராம்) திட்டத்தையும் இணைத்து 2022இல் என்யுஎஸ் காலேஜ் தொடங்கியதை யாரும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. அங்கே பிஸ்னஸ் பிள்ளைகளும் கம்ப்யூட்டிங் பிள்ளைகளும் ஒரே பொதுப் பாடங்களைச் சேர்ந்து படிக்கிறார்கள். எஸ்எம்யுவிலும் (சிங்கப்பூர் மேனேஜ்மென்ட் யுனிவர்சிட்டி) எல்லாத் துறையினருக்கும் பொதுவான பாடங்கள் உண்டு.

எனக்குச் சண்டை உன் நண்பர்களோடுதான். இந்த "ரெண்டு மாட்யூல்" வைத்தியம் பழையது. 1959இல் அமெரிக்காவில் ஃபோர்டு அறக்கட்டளையும் கார்னகி கார்ப்பரேஷனும் தனித்தனியாகப் பணம் கொடுத்து எழுதவைத்த இரண்டு அறிக்கைகள் வந்தன. பிஸ்னஸ் பட்டம் வெறும் தொழிற்பயிற்சியாகச் சுருங்கிவிட்டது, மாணவர்கள் மற்ற துறைகளையும் படிக்கவேண்டும் என்று இரண்டுமே சொல்லின. ஐம்பது வருஷம் கழித்து கார்னகி பெயரிலேயே இயங்கும் கல்வி அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் இதே விஷயத்தை எடுத்து, 2011இல் புத்தகமாக்கினார்கள். இலக்கியமும் தத்துவமும் ஒரு முனையில், ஃபைனான்ஸும் மார்க்கெட்டிங்கும் மறுமுனையில், இடையே மெல்லிய கம்பி. பளுதூக்கும் பார்பெல் போல இருக்கிறது என்றார்கள். இரண்டு முனையையும் ஒரே பையன்தான் படிக்கிறான், ஆனால் ஒன்றில் கேட்ட கேள்வியை அவன் மற்றதற்குக் கொண்டுபோவதில்லை. எஸ்/யு போட்டு கிரேடை மறைத்துவிட்டு மறந்துபோகிற மாட்யூல் இதைத்தான் செய்யும்.

கொண்டுபோனால் என்ன ஆகும் என்று கேட்டால், நம் ஊர் மார்க்கெட் ஸ்திரீட்டைப் பார். நகரத்தார் என்கிற செட்டியார்களின் கிட்டங்கிகள் (கடன் தொழில் நடத்திய கூடங்கள்) இருந்த தெரு. ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியும் சாய்வு மேசையுமாக உட்கார்ந்து கடன் கொடுத்தார்கள். பெட்டியடிப் பையனாக வேலைக்கு வந்தவன் அடுத்தாளாகி (ஏஜெண்டுக்குத் துணையாள்), பிறகு ஏஜெண்டாகி, முதலாளியின் பணத்தைத் தன் பொறுப்பில் சுழற்றுவான். கணக்கு முடித்து ஊர் திரும்ப சாதாரணமாக மூன்று வருஷம். வட்டி விகிதம், பிணை, ஏஜெண்டைத் தூரத்திலிருந்து கண்காணிப்பது, வியாபாரத்திலிருந்து கோயிலுக்குப் போகும் மகமை என்ற பங்கு என்று உன் பிஸ்னஸ் வகுப்புக்கு வேண்டிய அத்தனையும் இங்கே இருக்கிறது.

அப்புறம் 1930களின் பொருளாதார மந்தம். ரப்பர் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, பிணையாக வைத்த நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. கடன் அபாயம் என்று ஃபைனான்ஸ் மாணவன் எழுதி முடித்துவிடுவான். வரலாறு படித்தவன் அந்த நிலம் யாருடையது என்று கேட்பான். மலாய் ஒதுக்கீட்டு நிலத்தை மலாய்க்காரர் அல்லாதவரிடம் அடகு வைக்கமுடியாதபடி 1933இல் கூட்டரசு மலாய் மாநிலங்களில் சட்டம் வந்ததற்கு இந்தக் கடன்களும் ஒரு காரணம். நாம் பெருமையாக மட்டுமே பேசிப் பழகிய கதை இது. பேரேட்டையும் படித்து, கடன் வாங்கியவன் பக்கத்தையும் பார்க்கத் தெரிந்த ஆள் நம்மிடையே குறைவு. நாளைக்கு ஒரு வங்கியில் உட்கார்ந்து இந்தோனேசியாவிலோ வியட்நாமிலோ யாருக்குக் கடன் கொடுப்பது என்று நீ முடிவெடுக்கும்போது அந்தப் பார்வை உதவும்.

அதனால் இரண்டாவது மேஜரை எடு. இரட்டைப் பட்டம் வேண்டாம் என்பது என் கட்சி. அது நாலரை, ஐந்து வருஷம்வரை இழுக்கும், என்எஸ் முடித்த பையனுக்கு ஒரு வருஷம் பெரிசு. அப்பாவின் உண்மையான கவலையும் அதுதான் என்று நினைக்கிறேன், அது நியாயமும்கூட. இரண்டாவது மேஜரை நான்கு வருஷத்துக்குள் முடிக்கமுடியுமா, எந்த செமஸ்டரில் இன்டர்ன்ஷிப்புக்கு இடம் விடலாம் என்று பாட ஆலோசகரிடம் கேட்டு, ஒரு தாளில் போட்டு அவரிடம் காட்டு. பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

வரலாற்று வகுப்பில் கட்டுரை எழுதச் சொல்வார்கள், பெல் கர்வ் (மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டு கிரேடு போடுவது) பயமுறுத்தும். அங்கே ஒரு பி வந்தால் பதறாதே. கிட்டங்கி பற்றி எழுத ஆசை வந்தால், தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைத் தேடு, தமிழில் பேசியவையும் அவற்றில் உண்டு. பழைய தமிழ் முரசு இதழ்கள் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் இருக்கின்றன. ஆகஸ்டுக்கு முன்னாலேயே தொடங்கிவிடலாம்.

அன்புடன்,
அக்கா