வீட்டில் பிள்ளைகளுக்கென்று கட்டுப்படுத்தக்கூடிய தனி வைஃபை அமைப்பது எப்படி?

"எட்டு வயதிலும் பதின்மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள். இரவு ஒன்பது மணிக்கு மேல் அவர்களுக்கு மட்டும் இணையம் நிற்க வேண்டும், ஆபாசத் தளங்கள் திறக்கக்கூடாது, எங்கள் வேலைக்கும் இடைஞ்சல் வரக்கூடாது. ரூட்டரில் பெரியவனுடைய போனை பிளாக் செய்தேன், இரண்டே நாளில் மறுபடி இணைந்துவிட்டது" என்பது கேள்வி. கடைசியில் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். பலரும் சறுக்குவது அங்கேதான்.

ரூட்டர் ஒரு போனை அடையாளம் காண்பது மேக் முகவரியை வைத்து. பன்னிரண்டு இலக்கம் கொண்ட அந்த முகவரி முன்பெல்லாம் ஒரு போனுக்கு ஒன்றுதான். ஆண்ட்ராய்டு 10 (2019), ஐஓஎஸ் 14 (2020) வந்த பிறகு போன் தன் நிஜ முகவரியைக் காட்டுவதில்லை. ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு புனைமுகவரியைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. வைஃபை செட்டிங்கில் அந்தத் தேர்வை ஒருமுறை மாற்றினாலோ, 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் இருந்து அதற்குத் தாவினாலோ, ரூட்டரின் கண்ணுக்கு அது புதுப் போன். பிளாக் பட்டியலில் கிடப்பது பழைய முகவரி. ரூட்டரின் சாதனப் பட்டியலைத் திறந்து பாருங்கள்: முகவரியில் இரண்டாவது இலக்கம் 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால் அது புனைமுகவரி.

ஆகவே போனைத் துரத்தாதீர்கள். வைஃபையை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று பெரியவர்களுக்கு, அதன் பாஸ்வேர்டு பிள்ளைகளுக்குத் தெரியாது. இன்னொன்று பிள்ளைகளுக்கு; நேரக் கட்டுப்பாடு, வடிகட்டல், வேக வரம்பு எல்லாம் அந்தப் பெயரின் மேலேயே இருக்கும். அதில் எந்தப் போன் எந்த முகவரியோடு வந்தாலும் விதி தானாகப் பொருந்தும். புதிதாக ஒரு டேப்லெட் வீட்டுக்கு வந்தாலும் எதையும் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை.

பிரிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இப்போதைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே பிள்ளைகளின் நெட்வொர்க்குக்குக் கொடுத்துவிடுங்கள், பாதுகாப்பு வகையையும் மாற்றாமல். புதுப் பெயரும் புது பாஸ்வேர்டும் பெரியவர்களுக்கு. பழைய பாஸ்வேர்டு பிள்ளைகளுக்கு ஏற்கெனவே மனப்பாடம்; அவர்களுடைய போன், டேப்லெட், கேம் பெட்டி எல்லாம் யாரும் தொடாமலே கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். நீங்கள் புதிதாக இணைக்க வேண்டியது உங்கள் இரண்டு போனும் ஒரு லேப்டாப்பும்தான். தலைகீழாகச் செய்தால் ஒவ்வொரு சாதனமாகப் பிடித்துப் பழைய பாஸ்வேர்டை அழிக்க வேண்டிவரும், ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

இனி பெட்டி. இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியே வைஃபையும் தருகிறதென்றால், முதலில் அதன் செட்டிங்கில் கெஸ்ட் நெட்வொர்க் (விருந்தாளிகளுக்கான தனி வைஃபை) இருக்கிறதா பாருங்கள். அந்த கெஸ்டுக்கென்று நேர அட்டவணையும் தனி டிஎன்எஸ்ஸும் (தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் எண் முகவரியைச் சொல்லும் சேவை) வைக்க இடம் இருந்தால் அதுவே போதும், புதிதாக எதுவும் வாங்காதீர்கள். கெஸ்டில் 'உள் நெட்வொர்க்கை அணுக அனுமதி' என்ற தேர்வு அணைந்திருக்க வேண்டும். அப்போதுதான் பிள்ளையின் போனிலிருந்து 192.168.1.1 போன்ற ரூட்டர் பக்கமே திறக்காது. இதற்கு ஒரு விலை உண்டு: அந்தப் பக்கத்திலிருந்து வீட்டுப் பிரிண்டருக்கு அச்சடிக்க முடியாது, போனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்ப முடியாது. பள்ளி வேலைக்குப் பிரிண்டர் தேவையென்றால் பிரிண்டரையும் பிள்ளைகளின் நெட்வொர்க்கிலேயே போட்டு, 'சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்கத் தடை' என்ற ஐசொலேஷனை மட்டும் அணையுங்கள்.

அந்த வசதி இல்லையென்றால் சொந்த ரூட்டர் ஒன்று வாங்கி, அதன் வான் (WAN, இணையம் உள்ளே வரும்) போர்ட்டை ஃபைபர் பெட்டியின் லேன் (LAN, வீட்டுச் சாதனங்களுக்கான) போர்ட்டில் கேபிளால் செருகுங்கள். செருகியதும் பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிட வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம். அணைக்காவிட்டால் பிள்ளையின் போன் நேராக அங்கே போய் ஒட்டிக்கொள்ளும், நீங்கள் வைத்த விதி ஒன்றும் அதைத் தொடாது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ரூட்டர் இருப்பதால் சில விளையாட்டுகளில் குரல் அரட்டை இணையாது. அப்போது ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரூட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் கடத்தும் நிலை) மாற்றச் சொல்லி நிறுவனத்திடம் கேளுங்கள். வாங்கும்போது பார்க்க வேண்டியது வேகத்தை அல்ல. ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனி டிஎன்எஸ், தனி அட்டவணை, போர்ட் (இங்கே இது துளை அல்ல, ஒவ்வொரு இணையச் சேவைக்கும் உள்ள வாசல் எண்) வாரியாகத் தடுக்கும் ஃபயர்வால், இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் கை பழகியவர் என்றால் ஓபன்டபிள்யூஆர்டி (OpenWrt, ரூட்டருக்கான இலவச மென்பொருள்) ஓடும் ரூட்டர் என்பதுதான் என் பரிந்துரை: குறைந்தது 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ரேம். அதன் ஆதரவுப் பட்டியலில் மாடல் பெயரோடு ஹார்டுவேர் பதிப்பையும் ஒப்பிடுங்கள். அட்டையில் ஒரே பெயர் இருக்கும், பதிப்பு ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ளே சிப்பே வேறாக இருக்கும்.

வடிகட்டலை டிஎன்எஸ் வழியாகச் செய்யுங்கள். பழைய ரூட்டர்களில் இருக்கும் 'சொல்லை வைத்துத் தடுக்கும்' வசதி இன்று பயன்படாது. தளங்கள் எல்லாம் ஹெச்டிடிபிஎஸ் (உள்ளடக்கத்தை மறையாக்கி அனுப்பும் முறை) ஆகிவிட்டதால் பக்கத்துக்குள் என்ன இருக்கிறது என்று ரூட்டருக்குத் தெரியாது. தளத்தின் பெயரைக் கேட்கும் இடத்திலேயே மறுப்பதுதான் நடக்கக்கூடியது. இலவசமாக இருப்பவற்றில் மூன்றைச் சொல்கிறேன். கிளவுட்ஃப்ளேரின் குடும்பச் சேவை 1.1.1.3, 1.0.0.3. ஓபன்டிஎன்எஸ் ஃபேமிலிஷீல்டு 208.67.222.123, 208.67.220.123. கிளீன்பிரவுசிங்கின் ஃபேமிலி ஃபில்டர் 185.228.168.168, 185.228.169.168. எட்டு வயதுக்கு நான் எடுப்பது மூன்றாவதை. ஆபாசத்தைத் தடுப்பதோடு கூகுள் தேடலில் சேஃப்சர்ச்சையும் யூடியூபில் ரெஸ்ட்ரிக்டட் மோடையும் கட்டாயமாக்கிவிடுகிறது. ஆனால் ரெட்டிட் போலக் கலவையான தளங்களையும் மூடிவிடும், யூடியூபில் பின்னூட்டங்கள் மறைந்துபோகும். பதின்மூன்று வயதுக்கு இது இறுக்கம். அந்தப் பிள்ளைக்கு அதே சேவையின் அடல்ட் ஃபில்டர், 185.228.168.10, 185.228.169.11, போதும். ரூட்டர் இடம் கொடுத்தால் மூன்றாவதாக ஒரு பெயர் வைத்துவிடுங்கள். அதற்கு மேல் பெயர்களைப் பெருக்கினால் ஒவ்வொன்றும் தன் இருப்பை அறிவித்துக்கொண்டே இருப்பதால் காற்றில் நெரிசல் கூடும்.

டிஎன்எஸ் நிரப்பும் இடத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும். முதலில் வடிகட்டும் முகவரியைப் போட்டு, இரண்டாவதில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று கூகுளின் வடிகட்டாத 8.8.8.8 போட்டால் எல்லாம் வீண். முதலாவது செத்தால்தான் இரண்டாவதைக் கேட்க வேண்டும் என்று சாதனங்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. பல சாதனங்கள் மாற்றி மாற்றிக் கேட்கும். தளம் ஒருமுறை திறக்கிறது, ஒருமுறை திறக்கவில்லை என்று யாராவது சொன்னால் இந்த இரண்டாவது கட்டத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஒரே சேவையின் முகவரிகள் இருக்கட்டும்.

அடுத்த ஓட்டை ஐபிவி6 (இணைய முகவரியின் புதிய வகை; பழையது ஐபிவி4). ஐபிவி4 பக்கத்தில் டிஎன்எஸ்ஸை மாற்றியிருப்பீர்கள். ரூட்டர் சத்தமில்லாமல் நிறுவனத்தின் ஐபிவி6 டிஎன்எஸ்ஸையும் போனுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும், போன் அதைக் கேட்டுக்கொள்ளும். சேவையின் ஐபிவி6 முகவரிகளை நிரப்பலாம்; அதற்கு இடமில்லையென்றால் பிள்ளைகளின் நெட்வொர்க்கில் ஐபிவி6ஐ அணைத்துவிடுங்கள். வீட்டு உபயோகத்தில் எதுவும் நின்றுவிடாது.

போனிலேயே 8.8.8.8 என்று கையால் போட்டுக்கொள்ளும் வயது பதின்மூன்று. சில டிவி சாதனங்களோ யாரும் சொல்லாமலே கூகுளின் டிஎன்எஸ்ஸைக் கேட்கும்படி செய்யப்பட்டவை. இதற்கு ஃபயர்வாலில் ஒரு விதி: பிள்ளைகளின் நெட்வொர்க்கிலிருந்து போர்ட் 53க்குப் போகும் எதுவாக இருந்தாலும், யுடிபி, டிசிபி என்ற இரண்டு அனுப்பும் முறைகளிலும் போவதை, வடிகட்டும் முகவரிக்கே திருப்பிவிடுவது. எந்த முகவரியைக் கேட்டாலும் பதில் உங்கள் சேவையிலிருந்துதான் வரும். கூடவே போர்ட் 853ஐ முழுவதும் மூடுங்கள். ஆண்ட்ராய்டின் பிரைவேட் டிஎன்எஸ் (மறையாக்கிய டிஎன்எஸ்) பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகிறது. மூடினால் 'ஆட்டோமேட்டிக்' நிலையில் இருக்கும் போன் பேசாமல் 53க்குத் திரும்பிவிடும், வேறு சேவையின் பெயரைப் போட்டு வைத்த போனில் பெரும்பாலும் இணையமே வராது. வராமல் போனால் பிள்ளையே வந்து சொல்லும்.

ஓபன்டபிள்யூஆர்டியில் இதைச் செய்பவர்கள் வழக்கமாக மாட்டும் இடம் ஒன்று. பிள்ளைகளுக்கு 192.168.20.1 என்று தனி இன்டர்ஃபேஸும் தனி ஃபயர்வால் ஸோனும் உருவாக்கி, ரூட்டருக்குள் வரும் எதையும் ரிஜெக்ட் என்று வைத்துவிடுவார்கள். சரியான முடிவுதான், ஆனால் போன் 'ஐபி முகவரி பெறுகிறது' என்றே சுற்றிக்கொண்டிருக்கும், கடைசியில் இணையாது. ஐபி கொடுக்கும் டிஹெச்சிபியும் ரூட்டருக்குள் வரும் போக்குவரத்துதான். அந்த ஸோனிலிருந்து யுடிபி 67ஐ மட்டும் அனுமதித்தால் சரியாகிவிடும். ரூட்டரையே டிஎன்எஸ்ஸாகக் கொடுத்திருந்தால் 53ஐயும். நேராக வெளிச் சேவையைக் கொடுக்க டிஹெச்சிபி ஆப்ஷன் 6 இருக்கிறது.

இவ்வளவு செய்தும் அடைபடாதது ஹெச்டிடிபிஎஸ் வழியாகவே போகும் டிஎன்எஸ்ஸும் விபிஎன்னும் (எல்லாவற்றையும் மறைத்து வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் வசதி). முதலாவது சாதாரண வலைப்பக்கம் போகும் 443இலேயே போவதால் போர்ட்டை மூடித் தடுக்க முடியாது. அந்த வேலையை ரூட்டரிடம் கேட்காதீர்கள், போனிடம் கேளுங்கள். ஆண்ட்ராய்டில் ஃபேமிலி லிங்க், ஐபோனில் ஸ்கிரீன் டைம்: புது ஆப் நிறுவ உங்கள் அனுமதி வேண்டும் என்று வைத்தால் விபிஎன் ஆப்பும் புதிய பிரவுசரும் உள்ளே வராது. மொபைல் டேட்டாவுக்கும் இதே பதில்தான். சிம் இருக்கும் போனில் வைஃபை விதி பாதிக் கதவு. எட்டு வயதுக்கு சிம் இல்லாத சாதனம் போதும்.

நேர அட்டவணைக்கு வருவோம். ஒன்பது மணிக்கு நிற்க வேண்டியது விடிகாலையில் நிற்கிறதா? ரூட்டரின் நேர மண்டலம் யுடிசியிலேயே இருக்கிறது, மாற்றுங்கள். பல ரூட்டர்களுக்குள் கடிகார பேட்டரி கிடையாது; மின்சாரம் போய் வந்தால் இணையத்திலிருந்து நேரம் வாங்கும்வரை அதற்கு இது எந்த நாள் என்றே தெரியாது. ஆகவே அப்படி நேரம் வாங்கித் தரும் என்டிபி இயங்குகிறதா என்று உறுதிசெய்யுங்கள். நள்ளிரவைத் தாண்டும் அட்டவணை சில மாடல்களுக்குப் புரியாது. 21:00 முதல் 23:59 வரை ஒன்று, 00:00 முதல் 06:00 வரை இன்னொன்று என்று பிரித்துப் போடுங்கள்.

ஒன்பதைத் தாண்டியும் வீடியோ ஓடுவது இன்னொரு புகார். ஒரு நிமிடம் ஓடி நின்றால் அது முன்கூட்டியே இறங்கியிருந்த பகுதி, விட்டுவிடுங்கள். பத்து நிமிடமாகியும் ஓடினால், உங்கள் ரூட்டர் புது இணைப்புகளை மட்டும் தடுக்கிறது, ஏற்கெனவே திறந்ததைத் தொடுவதில்லை என்று பொருள். இதற்கு ஃபயர்வால் அட்டவணையை விட்டு, அந்த வைஃபை பெயரையே ஒன்பது மணிக்கு அணைக்கும் அட்டவணைக்கு மாறுங்கள். இணைப்பே அறுந்துவிடுவதால் மீதம் எதுவும் இருக்காது. ஆனால் எழுதிக்கொண்டிருந்த வீட்டுப்பாடமும் பதிவேறாமல் போகும் என்பதால், 8:45க்கு போனில் அலாரம் வைத்துக்கொள்ளப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். விதி என்ன, எதற்காக என்று பெரியவனிடம் முதல் நாளே சொல்லிவிடுவது மிக அவசியம். அவன் எந்தத் தளத்தைத் தேடினான் என்று பதிவேட்டைத் திறந்து படிக்க வேண்டாம்; தடுத்து வைக்கலாம், வேவு பார்த்தால் அவனுக்கு ஒரு சிக்கல் வரும் நாளில் உங்களிடம் வரமாட்டான்.

வேக வரம்பு ஒரு வரிதான்: முழு ஹெச்டி வீடியோவுக்கு ஏறக்குறைய 5 எம்பிபிஎஸ், இரண்டு பிள்ளைகளுக்கு 10 என்று வைத்தால் உங்கள் வீடியோ அழைப்பு தடுமாறாது.

ரூட்டரையும் காக்க வேண்டும். அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, வைஃபை பாஸ்வேர்டிலிருந்து வேறாக வையுங்கள். பாஸ்வேர்டு இல்லாமல் பொத்தானாலோ பின்னாலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸை அணையுங்கள், அதன் எட்டு இலக்க பின்னை 11,000 முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011இலேயே வெளியானது. உங்கள் போனில் பூட்டு இருக்கட்டும், ஏனென்றால் ஆண்ட்ராய்டு 10 முதல் வைஃபையைக் க்யூஆர் படமாகக் காட்டிப் பகிரலாம். விருந்தாளிகளுக்கும் பிள்ளைகளின் நெட்வொர்க்கையே கொடுங்கள். பெட்டியின் பின்னால் ஊசித்துளை அளவில் ரீசெட் பொத்தான் இருக்கும். பத்து நொடி அழுத்தினால் எல்லா விதியும் அழிந்து, அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள பெயரும் பாஸ்வேர்டும் திரும்பிவிடும். ஸ்டிக்கரைப் படமெடுத்துக்கொண்டு மறைத்துவிடுங்கள், பெட்டியை உயரத்தில் வையுங்கள், ஆனால் மூடிய இரும்பு அலமாரிக்குள் வேண்டாம்: சிக்னல் சாகும், பெட்டியும் சூடாகும். செட்டிங்குகளை பேக்கப் கோப்பாக இறக்கி வைத்திருந்தால் திரும்ப அமைக்க ஐந்து நிமிடம்தான்.

சோதனையைப் பிள்ளையின் சாதனத்தில், மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். கூகுளின் சேஃப்சர்ச் பக்கத்தில் பூட்டுக் குறி தெரிய வேண்டும். ஃபேமிலி ஃபில்டர் என்றால் யூடியூபில் பின்னூட்டம் காணாமல் போயிருக்க வேண்டும். பிறகு அதே வைஃபையில் ஒரு லேப்டாப்பை இணைத்து, என்எஸ்லுக்அப் (nslookup) கட்டளையில் www.google.com என்பதன் முகவரியை 8.8.8.8இடம் கேளுங்கள். பதில் 216.239.38.120 என்று வந்தால் போர்ட் 53 திருப்பல் வேலை செய்கிறது. அது சேஃப்சர்ச்சுக்கென்று கூகுள் ஒதுக்கிய முகவரி. வேறு எண் வந்தால் கேள்வி நேராக வெளியே போய்விட்டது, ஃபயர்வால் விதியில் யுடிபி விட்டுப்போயிருக்கிறதா பாருங்கள். ரூட்டரின் ஃபர்ம்வேரை (உள்மென்பொருளை) புதுப்பித்த ஒவ்வொரு முறையும் இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். சில ரூட்டர்கள் புதுப்பித்த கையோடு ஐபிவி6ஐயும் டபிள்யூபிஎஸ்ஸையும் மறுபடி இயக்கிவிடும்.