பைக் எஞ்சின் சூடு: சைலன்சர், டியூனிங் பற்றிய கேள்வி பதில்

கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்டில் 22 வருடமாக பைக் வேலை பார்க்கிறேன். சித்திரை பிறந்துவிட்டால் கடைக்கு வரும் பெரிய வண்டிகளில் பாதிக்கு ஒரே புகார்தான்: "அண்ணா, கால் வேகுது." லாங் ரைடு போகும் நம் பகுதிப் பிள்ளைகள் கேட்ட கேள்விகளை எல்லாம் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: இன்டர்செப்டர் 650 வைத்திருக்கிறேன் அண்ணா. வாரம் ஒருமுறை பெங்களூரு போய்வருகிறேன். ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போட்டால் சூடு குறையும் என்கிறார்கள். நிஜமா? (கிருஷ்ணகிரி)

சைலன்சரை மட்டும் மாற்றினால் குறையாது தம்பி. சில வண்டிகளில் கூடிவிடும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு அடிப்படை இதுதான்.

எரிகிற பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போனாலே பெரிது. மீதி எல்லாம் சூடு. அதில் ஒரு பகுதி ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி), சிலிண்டர் வழியாக ஆயிலுக்கும் காற்றுக்கும் போகிறது. இன்னொரு பகுதி புகையோடு வெளியே போகிறது. பெண்ட் பைப் (எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் புகை போகும் வளைந்த குழாய்) ஆரம்பிக்கும் இடத்தில் புகையின் சூடு ஓட்டத்தில் 600, 700 டிகிரி செல்சியஸ் இருப்பது சாதாரணம்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபிறகு நம் வண்டிகளில் ஓ2 சென்சார் (ஆக்சிஜன் சென்சார்) புகையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற அளவில் கலவையை நிறுத்துவதுதான் அதன் வேலை. கேட்கான், அதாவது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர், ஒழுங்காக வேலை செய்ய அந்த அளவு வேண்டும். ஆனால் எஞ்சின் குளுமையாக ஓட அதைவிடக் கொஞ்சம் ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) இருந்தால் நல்லது. கூடுதலாக வரும் பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும், எரிகிற வெப்பமும் இறங்கும்.

இப்போது புகையை அதிகம் தடுக்காத ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போடுகிறீர்கள். புகை சுலபமாக வெளியேறுகிறது, உள்ளே வரும் காற்று கூடுகிறது. இசியுவில் (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரில்) இருப்பது பழைய மேப், அதாவது எப்போது எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்ற கணக்கு. நிதானமாக ஓட்டும்போது ஓ2 சென்சார் பார்த்துச் சரிசெய்து, திரும்பவும் அதே 14.7-க்குக் கொண்டுவந்து விடும். அதாவது லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. சூளகிரி தாண்டி திராட்டிலை (ஆக்சிலரேட்டரை) முழுக்க முறுக்கும்போது கதை வேறு. அங்கே இசியு சென்சாரைக் கேட்காது, மேப்பில் எழுதியிருப்பதைத்தான் செய்யும். காற்று கூடிவிட்டது, பெட்ரோல் கூடவில்லை. கலவை லீன், அதாவது பெட்ரோல் குறைவு. எஞ்சின் அதிகம் உழைக்கும் நேரத்தில் அதிகம் சூடாகும்.

இப்படி ஒரு வண்டி என்னிடம் வந்தது. சைலன்சர் புதிது, ஏர் ஃபில்டரும் ஓப்பன் டைப், மேப் மட்டும் கம்பெனி மேப். கன்னியாகுமரி வரை ஓட்டிவிட்டுத் திரும்பியவர், பிக்கப் போய்விட்டது என்று கொண்டுவந்தார். ஹெட்டைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் வால்வின் ஓரம் கரைந்திருந்தது. சைலன்சருக்குச் செலவு செய்ததைவிட ஹெட் வேலைக்கு அதிகம் ஆனது. அந்தப் பையன் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

ஆகவே சைலன்சர் போடுவதாக இருந்தால் டியூனிங்கும் (இசியு மேப்பை மாற்றி எழுதுவது) சேர்த்துச் செய்யுங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் கம்பெனி சைலன்சரே இருக்கட்டும், டியூனிங்கை மட்டும் செய்யுங்கள். காலுக்கு வித்தியாசம் தெரிவது அதில்தான்.

கேள்வி: கேட்கானை வெட்டி எடுத்துவிட்டால் கால் சூடு உடனே குறைகிறதே? நண்பன் வண்டியில் பார்த்தேன். (பென்னாகரம்)

குறையும், பொய் சொல்ல மாட்டேன். கேட்கானுக்குள் மிச்சப் புகை எரிவதால் அது தனி அடுப்பு மாதிரி. 300 டிகிரிக்கு மேல் போனால்தான் அது ஒழுங்காக வேலையே செய்யும். பல வண்டிகளில் எஞ்சினுக்கு அடியிலோ பெண்ட் பைப்பிலோ இருப்பதால் சூடு நேராகக் காலுக்கு வருகிறது.

ஆனாலும் நான் அதை வெட்டிக் கொடுப்பதில்லை. நம் பின்னால் ஸ்கூட்டரில் பிள்ளையை உட்காரவைத்து வருகிறவர்கள்தான் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார்கள். சட்டமும் இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, லைசென்ஸும் 3 மாதம் போகும்.

அதற்குப் பதிலாக, கேட்கான் தேவைக்கு மேல் சூடாகிறதா என்று பாருங்கள். பிளக் பழசாகி எஞ்சின் அவ்வப்போது மிஸ் ஆனால், எரியாத பெட்ரோலும் காற்றும் சேர்ந்து கேட்கானுக்குள் போய் எரியும். இரவில் பைப் சிவந்து தெரிகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். புது பிளக், நல்ல பிளக் கேப் போட்ட பிறகு அந்தச் சிவப்பு போன வண்டிகள் எத்தனையோ.

கேள்வி: ஒகேனக்கல் மலைப்பாதையில் இறங்கும்போது சைலன்சரில் பட் பட் என்று வெடிக்கிறது அண்ணா. எஞ்சின் சூடு அதிகமாகி அப்படி ஆகிறதா? கிளாசிக் 350. (அரூர்)

பயப்பட வேண்டாம்மா. திராட்டிலை மூடிக்கொண்டு கியரில் இறங்கும்போது ஒன்றிரண்டு சத்தம் வருவது சகஜம். ஓயாமல் வெடித்தால் பெண்ட் பைப் ஹெட்டோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் (இடைவெளியை அடைக்கும் வளையம்) விட்டிருக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழ் வந்தால் லீக்.

சின்ன லீக்தானே என்று விடாதீர்கள். அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். ஓ2 சென்சார் அதைப் பார்த்து, கலவை லீன் என்று தப்பாக நினைத்துப் பெட்ரோலை ஏற்றும். மைலேஜ் போகும், கூடுதல் பெட்ரோல் பைப்புக்குள் எரியும், பைப் சூடாகும். கேஸ்கெட் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான். டியூனிங்குக்கு வரும் எந்த வண்டியிலும் நான் முதலில் பார்ப்பது இந்த ஜாயின்டைத்தான்.

கேள்வி: பெண்ட் பைப்பில் துணி மாதிரி சுற்றுகிறார்களே, அது நல்லதா? (காவேரிப்பட்டினம்)

காலுக்கு நல்லது, பைப்புக்குக் கெடுதல். சூட்டை வெளியே விடாமல் பைப்புக்குள்ளேயே பிடித்துவைக்கும். மழையில் நனைந்தால் ஈரத்தையும் பிடித்துவைக்கும், இரும்பு பைப் உள்ளே துருப்பிடிப்பது வெளியே தெரியாது. செராமிக் கோட்டிங் செய்தால் அந்தத் தொல்லை இல்லை, செலவுதான் அதிகம். நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு ஹீட் ஷீல்டு மாட்டிப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும்.

கேள்வி: நம்ம ஊரிலேயே தயாராகும் 310 வண்டிதான். தொடைக்கு நடுவில் சூடு வருகிறது. டியூன் செய்தால் போகுமா? (ஓசூர்)

அந்த எஞ்சினின் அமைப்பே அப்படி. மற்ற வண்டிகளில் காற்று பின்பக்கம் நுழைந்து புகை முன்பக்கம் வெளியேறும். டிவிஎஸும் பிஎம்டபிள்யூவும் சேர்ந்து செய்த இந்த 310-இல் சிலிண்டரைப் பின்னால் சாய்த்து, திருப்பி வைத்திருக்கிறார்கள். காற்று முன்னால், புகை பின்னால். எடை முன்பக்கம் நன்றாக உட்காருகிறது, வளைவில் வண்டி அருமையாகத் திரும்பும். ஆனால் சூடான பைப் உங்களுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. டியூனிங்கில் ஓரளவுதான் குறையும். டேங்குக்கு அடியில் அலுமினிய ஹீட் மேட் ஒட்டுங்கள், கனமான ரைடிங் பேண்ட் போடுங்கள்.

கேள்வி: கேடிஎம் 390 அட்வெஞ்சர். ஆடி 18-க்கு ஒகேனக்கல் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். ஃபேன் நிற்காமல் ஓடியது, சூடு எச்சரிக்கையும் வந்தது. எக்ஸாஸ்ட் மாற்ற வேண்டுமா? (தருமபுரி)

எக்ஸாஸ்ட்டைத் தொடாதீர்கள், ரேடியேட்டரைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் கிராஷ் கார்டு, இரண்டு ஃபாக் லேம்ப், அதன் பிராக்கெட் எல்லாம் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிறது. காற்று எங்கிருந்து வரும்? விளக்கைப் பக்கவாட்டுக்கு மாற்றுங்கள். ஃபின்களில் (ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளில்) சேறும் பூச்சியும் அடைத்திருக்கும். பிரஷர் வாஷ் வேண்டாம், ஃபின் மடங்கிவிடும். சாதாரணக் குழாய்த் தண்ணீரில் பின்பக்கத்திலிருந்து கழுவினால் போதும்.

இன்னொன்று முக்கியம். எங்கோ ஒரு கடையில் கூலண்ட் குறைந்தபோது போர் தண்ணீர் ஊற்றினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் இரண்டு மாவட்டத்து நிலத்தடி நீர் எப்படி என்று நமக்குத் தெரியாதா? ஃப்ளோரைடு தொல்லைக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அதோடு உப்பும் அதிகம். வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். படிந்துவிட்டால் சூடு வெளியே போகாது. முழுவதும் வடித்து, டிஸ்டில்டு வாட்டர் விட்டு அலசி, கம்பெனி சொன்ன கூலண்டை ஊற்றுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

கேள்வி: அப்பாவின் பழைய கார்புரேட்டர் புல்லட். இ20 பெட்ரோல் வந்தபிறகு சூடு அதிகமான மாதிரி இருக்கிறது. மனப்பிரமையா? (பாலக்கோடு)

மனப்பிரமை இல்லை. இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. சுத்தப் பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும் என்றால், இ20-க்கு ஏறக்குறைய 13.5 போதும். இன்ஜெக்ஷன் வண்டியில் சென்சார் அதை ஈடுகட்டிவிடும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. முன்பு விட்ட அளவையே விடும், அது இப்போது லீன்.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்து வெள்ளையாக இருந்தால் மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) ஒரு சைஸ் ஏற்றி, ஐடிலிங் கலவைக்கான பைலட் ஸ்க்ரூவைச் சரிசெய்யச் சொல்லுங்கள். லேசான காபி நிறம் வந்தால் சரி. அதற்கு முன்னால் டேப்பட்டை (வால்வை அழுத்தும் பாகத்தின் இடைவெளியை) பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸாஸ்ட் வால்வு மூடியிருக்கும் நேரத்தில்தான் தன் சூட்டை, அது உட்காரும் வளையமான வால்வு சீட் வழியாக ஹெட்டுக்குக் கொடுக்கிறது. டேப்பட் டைட்டாக இருந்தால் வால்வு முழுசாக உட்காராது, சூடு இறங்காது. சத்தமே வராத டேப்பட் நல்ல டேப்பட் என்று நினைக்கிறவர்கள் நிறைய. லேசான டிக் டிக் கேட்டால் நான் நிம்மதியாக இருப்பேன். அப்புறம், பழைய பெட்ரோல் டியூபையும் மாற்றிவிடுங்கள். எத்தனால் பழைய ரப்பரை அரிக்கும்.

கேள்வி: கெட்டி ஆயில் ஊற்றினால் குளுமையாக ஓடுமா? (பர்கூர்)

ஓடாது. கம்பெனி புத்தகத்தில் உள்ள கிரேடுதான். அளவு சரியாக இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள், ஏர் கூல்டு வண்டிக்கு ஆயில்தான் பாதி ரேடியேட்டர்.

கேள்வி: நிறுத்தியவுடன் எஞ்சின்மேல் தண்ணீர் ஊற்றலாமா? (ஊத்தங்கரை)

கூடவே கூடாது. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று சுருங்கினால் உலோகம் கோணும், விரிசலும் விடும். புளியமர நிழலில் பத்து நிமிடம் நிறுத்துங்கள்.

கேள்வி: டியூனிங் செய்வது என்று முடிவுசெய்துவிட்டேன். டியூனரிடம் என்ன கேட்க வேண்டும்? எனக்குப் பவர் வேண்டாம், சூடு குறைந்தால் போதும். ஏர் கூல்டு வண்டி. (தருமபுரி)

இதே வார்த்தையில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பவரைக் கூட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

டைனோவில் (நின்ற இடத்திலேயே வண்டியை ஓட்டிச் சோதிக்கும் மெஷின்) ஏற்றி, புகைக்குழாயில் கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சார் வைத்துப் பார்க்கிறவரிடம் போங்கள். காதால் கேட்டு மேப் போடுகிறவரிடம் போகாதீர்கள். கலவையை லாம்டாவில் பேசச் சொல்லுங்கள். இ20-இல் 14.7, 13.5 என்று எண் குழப்பும், லாம்டாவில் எந்தப் பெட்ரோலுக்கும் சரியான அளவு 1 தான், அதற்குக் கீழே என்றால் ரிச், மேலே என்றால் லீன். நிதானமான ஓட்டத்தில் 0.97 பக்கம், முழுத் திராட்டிலில் 0.88, 0.90 பக்கம் இருந்தால் ஏர் கூல்டு எஞ்சின் குளுமையாக ஓடும். அதற்கும் கீழே இறக்கினால் கார்பன் படியும், ஆயிலில் பெட்ரோல் கலக்கும்.

இக்னிஷன் டைமிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். தீப்பொறி தாமதமாக விழுந்தால் கலவை எரிந்துகொண்டே வால்வைத் தாண்டிப் பைப்புக்குள் போகும், பைப்தான் சூடாகும். லேசான லோடில் இரண்டு மூன்று டிகிரி முன்னால் கொண்டுவந்தால் பைப் சூடு இறங்கும். முழு லோடில் அதே வேலையைச் செய்தால் நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்துத் தட்டுவது) வந்து பிஸ்டன் போகும். அதனால் ஒரே அளவாக எல்லா இடத்திலும் ஏற்றுகிறவர் வேண்டாம். வேலை முடிந்ததும் புகைச் சோதனைச் சான்றிதழுக்கு வண்டி தேறுகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

அப்புறம் சேலம் வரை ஒருமுறை போய்வாருங்கள். திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் பெரிய கியரில் இழுக்காமல், ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். மேலே ஏறியதும் ஓரமாக நிறுத்தி எஞ்சின் ஆறட்டும். பிறகு பிளக்கைக் கழற்றி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், கலவை எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.