கணக்குப் பிள்ளையும் ஆவணப்படமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பி.காம். முடித்துவிட்டு காரைக்குடியில் மாமாவின் பாத்திரக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். ஆவணப்படங்களை விடாமல் பார்ப்பவன். இயக்கவோ கேமரா பிடிக்கவோ ஆசையில்லை; தயாரிப்பாளர் ஆக வேண்டும். ‘அதற்குக் கோடி வேண்டும்’ என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சென்னைக்குப் போய் சினிமா படிக்க வேண்டுமா? எங்கே தொடங்குவது?

கா., காரைக்குடி

அன்புள்ள கா.,

வீட்டில் சொல்வது சினிமாத் தயாரிப்பாளரைப் பற்றி. ஆவணப்படத் தயாரிப்பாளர் பெரும்பாலும் கைப்பணம் போடுவதில்லை. நிதி தேடுவார், வந்த நிதிக்குக் கணக்குச் சொல்வார், அனுமதி வாங்குவார், முடிந்த படத்தைத் தூக்கிக்கொண்டு விழா விழாவாக அலைவார்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. கோட்டையூர்க்காரர் ஏ.கே. செட்டியார். காந்தியைப் பற்றிய அவருடைய ஆவணப்படம் 1940-ல் வெளிவந்தது. பல நாடுகளில் பல பேர் எடுத்து எங்கெங்கோ போட்டு வைத்திருந்த துண்டுப் படங்களைத் தேடி அலைந்து, சுமார் 50,000 அடி பிலிம் சேர்த்தார். யாரிடம் என்ன இருக்கிறது, எப்படிக் கேட்டால் தருவார் என்று கண்டுபிடிப்பதுதான் தயாரிப்பில் பாதி வேலை.

மீதிப் பாதிக்கு செட்டிநாட்டு வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக்குள் எடுக்க வேண்டும். சாவி காவல்காரரிடம் இருக்கும், கேட்டால் திறந்தும் விடுவார். அதை நம்பிக் கேமராவோடு போய் நிற்கக் கூடாது. வீடு பங்காளிகளுக்குப் பொது. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், இன்னொருவர் ‘சாமி கும்பிட வரும்போது பேசிக்கொள்ளலாம்’ என்பார். முகப்பையும் வளவையும் (வீட்டு நடுவிலுள்ள முற்றம்) எடுக்க எல்லோரும் தலையாட்டிவிட்டாலும், வளவைச் சுற்றியிருக்கும் அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது ஒவ்வொரு குடும்பத்துக்கும், தனி. பூட்டிய அறைக்கு உரியவரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். வாய்ச்சொல் போதாது. பேட்டி கொடுத்தவரின் ஒப்புதல், பின்னணியில் ஒலிக்கும் பாட்டின் உரிமை எல்லாம் தாளில் இருந்தால்தான் சேனலோ ஓடிடியோ படத்தை வாங்கும். நல்ல படங்கள் இதில் கோட்டைவிட்டு அலமாரியில் தூங்குகின்றன.

சினிமாப் படிப்பு கட்டாயமில்லை. கிடைத்தால் படியுங்கள், அவ்வளவுதான். பேரேடு எழுதத் தெரிந்த ஆள் இந்தத் துறையில் அபூர்வம் என்பதால் உங்கள் பி.காமை நான் பெரிதாக நினைக்கிறேன். முதலில் தயாரிப்பு உதவியாளராகப் போங்கள்: வண்டி, சாப்பாடு, பில். உங்கள் பக்கம் சினிமா ஷூட்டிங்குக்குப் பஞ்சமில்லை, ஊர் தெரிந்த ஆள் அவர்களுக்கு எப்போதும் தேவை. ஆனால் அங்கேயே தங்கிவிடாதீர்கள். சினிமாவில் கிடைக்கும் தினப்படிக் காசு பழகிவிட்டால் ஆவணப்படச் சம்பளம் கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் லைன் புரொட்யூசர் (படப்பிடிப்பின் அன்றாடச் செலவையும் ஏற்பாட்டையும் பார்ப்பவர்), இணைத் தயாரிப்பாளர் என்று ஏறலாம். எல்லோரும் இந்த வரிசையில்தான் வருகிறார்கள் என்றும் இல்லை.

நிதிக்கு அரசை மட்டும் நம்பிய காலம் போய்விட்டது. 1948-ல் தொடங்கிய, ஆவணப்படங்கள் எடுத்த மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷனே 2022-ல் என்எஃப்டிசியோடு (தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) இணைக்கப்பட்டுவிட்டது. பெங்களூரின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் போன்ற அமைப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம். கொல்கத்தாவில் நடக்கும் டாக்எட்ஜ் போன்ற பிட்ச்சிங் மேடைகளில், வெளிநாட்டு நிதியாளர்கள் முன்னால் சில நிமிடங்களில் படத்தை விளக்க வேண்டும். அங்கே இயக்குநர் கதை சொல்வார். ‘பட்ஜெட்டில் இந்தத் தொகை ஏன்?’ என்று கேட்டால் எல்லோரும் உங்கள் பக்கம் திரும்புவார்கள்.

வருமானம் சில வருடங்களுக்கு ஒழுங்காக வராது. கடையை இப்போதைக்கு விடாதீர்கள்.

ஒரு வேலை தருகிறேன். ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறையைப் பற்றிப் பத்து நிமிடப் படம் என்று வைத்து பட்ஜெட் போட்டு அனுப்புங்கள். கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றுவதை ஒரு காலையில் எடுத்துவிடலாம். ஆனால் கல் தண்ணீரில் ஊற வேண்டும், காய வேண்டும், பிறகு ஒரு வீட்டில் தரையாக வேண்டும்; அதையும் எடுக்க ஆட்கள் திரும்ப வர வேண்டியிருக்கும். அந்த நாட்களின் வண்டிச் செலவை விட்டுவிடாதீர்கள். சாப்பாட்டுச் செலவையும் குறைத்துப் போடாதீர்கள், காரைக்குடியில் சாப்பிடப் போகிறவர்கள்.