விவாகரத்து ஆனால் நற்கருணை வாங்கக் கூடாதா?

ஐயா,

எனக்கு 36 வயது. குடித்துவிட்டு அடிக்கிற மனுஷனோடு ஒன்பது வருடம் இருந்தேன், கை முறிந்த பிறகுதான் மகனைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தேன். கோர்ட்டில் விவாகரத்து ஆகி இரண்டு வருடம். மறுமணம் செய்யவில்லை. எங்கள் தெருவுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் ஒரு அக்கா, "விவாகரத்து வாங்கினவ நற்கருணை வாங்கக் கூடாது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அதிலிருந்து பூசையில் கடைசி பெஞ்சுதான், நற்கருணை அப்பம் வாங்க வரிசை நகரும்போது தலையைக் குனிந்துகொள்வேன். அடித்தவர் வாராவாரம் வாங்குகிறார். அடுத்த மாதம் மகனுக்குப் புதுநன்மை, முதல் முறையாக நற்கருணை வாங்கப் போகிறான். "நீங்களும் என்கூட வாங்குவீங்கதானேம்மா?" என்கிறான். வயிறு சரியில்லை என்று ஒரு மாதம் முன்னாலேயே எப்படிப் பொய் சொல்வது?

சகோதரி,

அந்த அக்கா சொன்னது தவறு. முதல் திருமணம் திருச்சபையின் கணக்கில் நிலைத்திருக்கும்போதே இன்னொருவரை மணந்து வாழ்கிறவர்களைப் பற்றிய விதியை உங்கள் தலையில் கட்டிவிட்டார். விவாகரத்து ஆகியும் மறுமணம் செய்யாதவருக்கு நற்கருணை போன்ற அருளடையாளங்களைப் பெறத் தடையில்லை என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-லேயே எழுதிவிட்டார். மனைவிக்கோ பிள்ளைக்கோ உடலுக்கும் மனதுக்கும் பெரிய ஆபத்து என்றால் பிரிந்து போக நியாயம் உண்டு என்கிறது திருச்சபைச் சட்டம் 1153. திருமணம் செல்லாது என்ற அறிவிப்புக்காகத் திருச்சபைத் தீர்ப்பாயம் போவதெல்லாம் மறுபடி கல்யாணம் செய்ய நினைத்தால்தான், இப்போது வேண்டாம்.

சட்டம் சரி. எனக்கு உறுத்துவது, இரண்டு வருடம் நீங்கள் யாரிடமும் கேட்காமல் இருந்ததுதான். ஒன்பது வருடம் ஒருவர் கத்தினால் தப்பு நம்முடையதுதான் என்று ஒதுங்கிப் பழகிய உடம்பு, கோயிலிலும் ஒரு அதட்டலுக்கு அப்படியே ஒதுங்கிவிட்டது. பாவ உணர்வு என்று நீங்கள் நினைப்பதில் பாதிக்கு மேல் பழைய பயம் என்றே எனக்குப் படுகிறது. அடித்தவர் நற்கருணை வாங்குவதைப் பார்த்து வரும் கோபத்தையும் பாவமாக்கிக்கொள்ளாதீர்கள், கை முறிந்தவருக்குக் கோபம் வராமல் இருந்தால்தான் நான் கவலைப்படுவேன்.

இந்த வாரமே பங்குத்தந்தையைப் பாருங்கள். பாவசங்கீர்த்தனத்தில் முணுமுணுத்துவிட்டு வராமல், அலுவலகத்தில் உட்கார்ந்து பேசுங்கள், அம்மாவையும் கூட்டிப் போங்கள். மன்னிப்புக் கேட்கிற குரல் வேண்டாம். அவரும் அந்த அக்கா மாதிரியே பேசினால், கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2386-ஆம் எண்ணைக் காட்டுங்கள், விவாகரத்துக்கு ஆளாகிக் குற்றமற்று நிற்பவரைப் பற்றி அதில் இருக்கிறது. மகனிடம் மட்டும் ஃபாதரைப் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டாம், இன்று ராத்திரியே "வாங்குவேன்டா" என்று சொல்லிவிடுங்கள்.